ஊருக்கு ஏற்ற உடை

நுழையும்முன்

உணவையும் உறைவிடத்தையும் போலவே உடையும் மக்களின் வாழ்க்கைச் சூழலிலிருந்து தோன்றுகிறது. ஊர் மாறினால் வெயிலும் காற்றும் மழையும் மாறுகின்றன. அப்போது உடை மாறலாமா? மாறினால் மரபு அழிந்துவிடுமா? தமிழகத்திலிருந்து வேற்று மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் இவ்வினாக்கள் அடிக்கடி எழுகின்றன. புனே நகரின் தெருக்களையும் தமிழரின் நெசவு வரலாற்றையும் துணையாகக் கொண்டு இப்பாடம் அவற்றுக்கு விடை தேடுகிறது.

புனேயின் தெருக்களில்

மாலைப் பொழுதில் புனேயின் ஃபெர்குசன் கல்லூரிச் சாலை இளைஞர்களால் நிறைந்திருக்கும். 1885ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்லூரியின் பெயரால் வழங்கும் அச்சாலையின் ஓரங்களில் சிறு கடைகள் வரிசையாக நிற்கின்றன. பருத்திக் குர்தாக்களும் துப்பட்டாக்களும் டி-சட்டைகளும் அங்கே தொங்குகின்றன. பழைய நகரின் துளசிபாக் அங்காடியிலும் லட்சுமி சாலைத் துணிக்கடைகளிலும் இதே காட்சியைக் காணலாம்.

அங்கு நடப்போரின் உடையைக் கூர்ந்து நோக்கினால் பழமையும் புதுமையும் ஒன்றோடொன்று பகையின்றி இணைந்திருப்பது புலப்படும். ஒருவர் ஜீன்ஸின் மேல் கைத்தறிக் குர்தா அணிந்திருப்பார். மற்றொருவர் டி-சட்டையும் கோலாப்புரிச் செருப்பும் அணிந்திருப்பார். விநாயகர் விழாக் காலத்தில் தோல்-தாஷா இசைக்கும் இளைஞர் குழுக்கள் வெள்ளைக் குர்தாவில் அணிவகுக்கும். மராத்தியப் புத்தாண்டாகிய குடிபாட்வா அன்று இளம்பெண்கள் 'நவ்வாரி' என்னும் ஒன்பது கஜச் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டி, இருசக்கர வண்டியில் ஊர்வலம் வருவார்கள். தமிழகத்து மடிசார்க் கட்டும் ஒன்பது கஜமே. அதுவும் கால்களுக்கிடையே கொண்டு சென்று பின்னால் செருகப்படுவதே.

புனே என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் காட்சி மற்றொன்று. இருசக்கர வண்டியில் செல்லும் இளம்பெண்கள் மெல்லிய பருத்தித் துணியால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொள்கின்றனர். கண்கள் மட்டுமே வெளியே தெரியும். புதிதாக அந்நகருக்கு வரும் தமிழ்க் குடும்பத்தினர் முதலில் இதை வியப்போடு நோக்குவர். அடுத்த ஏப்ரல் மாதத்துக்குள் அவர்கள் வீட்டுக் கொடியிலும் அத்தகைய துணி ஒன்று உலரத் தொடங்கிவிடும்.

இவ்வுடைகளில் எது நல்ல உடை? மூன்று கேள்விகளைக் கேட்டால் விடை தெளிவாகும்.

முதற்கேள்வி: காற்றுக்கு ஏற்றதா?

வெப்பம் மிகும்போது மனித உடல் வியர்க்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. எனவே வியர்த்தல் மட்டும் போதாது. வியர்வை உலரவும் வேண்டும். அதற்கு இடம்தரும் துணியே வெயிற்காலத்துக்கு உகந்தது.

பருத்தி இழை இயல்பான நிலையிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்று வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழையோ அரை விழுக்காடு கூட ஏற்பதில்லை. அதனால்தான் தளர்வாக நெய்த பருத்திச் சட்டைக்குள் உடல் இளைப்பாறுகிறது; நெருக்கமாக நெய்த சாதாரண பாலியெஸ்டர் சட்டைக்குள் புழுங்குகிறது.

ஆனால் எல்லா ஊர் வெயிலும் ஒரே தன்மையது அன்று. சென்னை கடலோர நகரம். அங்கே காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. ஆகவே உடலின் மீது காற்று தடையின்றிப் படவேண்டும். இடுப்பில் வேட்டி, தோளில் ஒரு துண்டு என்னும் பழைய உடை அந்தத் தேவைக்குப் பொருந்தியது. வேட்டிக்குத் தையல் இல்லை. காலோடு ஒட்டுவதும் இல்லை. நடக்குந்தோறும் காற்று உள்ளே புகுந்து வெளியேறும்.

புனே தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே அமைந்தது. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும். எனினும் அது உலர்ந்த வெப்பம். வியர்வை தோன்றிய வேகத்திலேயே உலர்ந்துவிடும். அங்கே இடர் தருபவை நேராகச் சுடும் வெயிலும் தூசியும் உடல் நீர் இழப்புமே. ஆகவே தோலைத் திறந்து வைப்பதைவிட மெல்லிய, தளர்ந்த துணியால் மூடுவதே நன்று. தக்காணத்து உழவரின் தலைப்பாகையும் வெண்ணிற முழுக்கைச் சட்டையும் இந்த அறிவிலிருந்து பிறந்தவை. வண்டி ஓட்டும் பெண்ணின் முகத்துணி அத்தலைப்பாகையின் புதிய வடிவம் என்றே கொள்ளலாம்.

மழைக்காலக் கணக்கு வேறு. புனேயின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பெய்துவிடுகிறது. அப்போது பருத்தியின் நற்பண்பே குறையாகிவிடும். ஈரத்தை ஏற்றுக்கொள்ளும் இழை அதை எளிதில் விடுவதில்லை. நனைந்த ஜீன்ஸ் நாள் முழுவதும் கனக்கும். தோலாலான கோலாப்புரிச் செருப்பு நீரில் ஊறினால் கெட்டுவிடும். ஆகவே அறிவுள்ளோர் அக்காலத்தில் விரைவில் உலரும் செயற்கை இழை ஆடையையும் மழைச்சட்டையையும் நாடுகின்றனர். குளிர்காலத்து விடியலில் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்கும். நண்பகலில் மீண்டும் ஏறும். அப்போது கழற்றவும் போர்த்தவும் எளிதான சால்வையோ கையில்லாத மேற்சட்டையோ பயன்படும்.

பருத்தி எல்லாக் காலத்துக்கும் சிறந்தது என்பதும், செயற்கை இழை எப்போதும் தீயது என்பதும் பிழையான முடிவுகள். எந்த மாதம், எந்த ஊர், எவ்வளவு ஈரம் என்று பார்த்தே உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பழந்தமிழில் ஆடையைக் குறிக்கத் துகில், கலிங்கம், அறுவை, கூறை, உடுக்கை எனப் பல சொற்கள் வழங்கின. பத்துப்பாட்டுள் ஒன்றான பொருநராற்றுப்படை, கரிகாலன் பொருநனுக்கு அளித்த ஆடையின் மென்மையைப் பாம்பு உரித்த தோலோடு ஒப்பிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலில் உறையூர்த் துணி பற்றிய குறிப்பு உள்ளது.

இரண்டாம் கேள்வி: வேலைக்கு ஏற்றதா?

உடை உடுத்துபவரின் அன்றாட வேலைக்குத் தடையாக நிற்றல் கூடாது. மரபுடைகள் பல வேலையிலிருந்தே வடிவம் பெற்றன. கச்சம் வைத்த சேலை வயலில் குனிந்து நிமிர்வதற்கு எளிது. வேட்டியை மடித்துக் கட்டினால் சேற்றில் இறங்கலாம். தோளில் கிடந்த துண்டு வியர்வை துடைக்கவும், தலையில் கட்டவும், விரித்து அமரவும் உதவியது.

வேலை மாறியபோது வேட்டிக்குச் சிக்கல் ஏற்பட்டது. பேருந்தில் ஓடி ஏறுபவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அது அவிழ்ந்துவிடுமோ என்னும் அச்சம் இருந்தது. பணத்தையும் கைப்பேசியையும் வைக்கப் பை இல்லை. இளைஞர்கள் அதைத் திருமணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் எடுத்து உடுத்தலாயினர். இந்நிலையில், இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் பையும் வைத்துத் தைத்த வேட்டிகள் கடைகளுக்கு வந்தன. முதியோர் சிலர் அதைக் கண்டு நகைத்தனர். ஆயினும் வேட்டி கட்டத் தெரியாது என்று தயங்கி நின்ற சிறுவர்கள் பலர் முதன்முதலாக அதை உடுத்தியது அந்தப் பட்டையின் துணையால்தான்.

உடை புதிய வேலைக்கு மாறும்போது புதிய கவனமும் தேவை. துப்பட்டாவின் முனை வண்டியின் பின்சக்கரத்தில் சிக்கி உயிரிழப்பு நேர்ந்ததுண்டு. இதன் பொருட்டே இந்திய இருசக்கர வண்டிகளின் பின்சக்கரத்தருகே சேலைக் காப்புக் கம்பி பொருத்தப்படுகிறது. முகத்துணியின் நுனிகளை உட்புறமாகச் செருக வேண்டும். அதன்மேல் தலைக்கவசம் அணிய வேண்டும். வெயிலிலிருந்து காக்கும் துணி விபத்திலிருந்து காக்காது.

வீட்டுத் துணி தெருவுடையாகி உலகைச் சுற்றிய வரலாறும் தமிழகத்துக்கு உண்டு. கைலியிலும் லுங்கியிலும் காணப்படும் வண்ணக் கட்டங்கள் அயல்நாடுகளில் 'மதராஸ்' என்னும் பெயராலேயே அறியப்பட்டன. 1958ஆம் ஆண்டு வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர், கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் என்னும் ஏற்றுமதியாளரிடமிருந்து அத்துணியை வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் ஆடை நிறுவனத்துக்கு விற்றார். துவைக்கும்போது சாயம் கசியும் என்னும் எச்சரிக்கை வாங்கியவர்களை எட்டவில்லை. சட்டைகள் சாயம் கலந்து நிறம் மாறின; வாங்கியோர் சினந்தனர். ஆனால் அக்குறையே பின்னர்ச் சிறப்பாக விளம்பரம் பெற்றது. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நிறம் மாறிப் புதிய தோற்றம் தரும் துணி என்று அது புகழப்பட்டது. 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 'கசியும் மதராஸ்' சட்டையை விரும்பி அணிந்தனர். தமிழகத்துத் திண்ணைகளில் முதியவர் இடுப்பில் இருந்த கட்டம், கடல் கடந்து இளையோரின் உடையாயிற்று.

இன்றைய இளைஞரின் டி-சட்டைக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நெய்த துணியில் பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பின்னலாடையில் நூல் வளையம் வளையமாகக் கோக்கப்படுகிறது. ஆகவே அது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஓடவும் தாவவும் ஏற்ற இந்தப் பருத்திப் பின்னலாடையைப் பேரளவில் உருவாக்கி உலகுக்கு அனுப்பும் நகரம் திருப்பூர். ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் ஒரு மாணவர் டி-சட்டை வாங்கும்போது, அது நொய்யல் ஆற்றங்கரையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

மூன்றாம் கேள்வி: யாருடைய மதிப்பைக் காக்கிறது?

விரும்பிய உடையை உடுத்தித் தெருவில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் எளிதில் கிடைத்ததன்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தெற்குத் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. அதை எதிர்த்துத் தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நிகழ்ந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்னும் அரசாணை 1859ஆம் ஆண்டு வெளிவந்தது. மரபு என்னும் பெயரால் வந்த யாவும் போற்றத்தக்கவை அல்ல என்பதற்கு இவ்வரலாறு சான்று. மனிதரைத் தாழ்த்திய வழக்கம் கைவிடப்பட வேண்டியதே.

ஏழையின் உடையே தன் உடை என்று ஏற்றவர் காந்தியடிகள். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, தம் மேலாடைகளை நீக்கி முழங்கால் அளவுள்ள ஆடையை ஏற்றார். பின்னாளில் புனேயின் எரவாடா சிறையில் இருந்தபோது, பெட்டிக்குள் மடித்து எடுத்துச் செல்லத்தக்க ராட்டையை வடிவமைப்பதில் ஈடுபட்டார். அது இன்றும் 'எரவாடா ராட்டை' எனப்படுகிறது. அவருக்கு முன்பே, 1905ஆம் ஆண்டு அக்டோபரில், புனே மாணவர்கள் அயல்நாட்டுத் துணிகளைக் குவித்து எரித்தனர். பாலகங்காதர திலகர் அந்நிகழ்வில் கலந்துகொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாகவே ஆகஸ்டு 7 தேசிய கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதன் முதல் விழா 2015ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்றது.

விடுதலை பெற்ற நாட்டிலும் வேட்டிக்கு வாயில் அடைக்கப்பட்டதுண்டு. 2014ஆம் ஆண்டு ஜூலையில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி அணிந்து சென்றார். விழா நடைபெற்ற கிரிக்கெட் சங்க மன்றத்தில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், இத்தகைய உடைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

உடுத்துபவரின் மதிப்பைப் போலவே செய்பவரின் மதிப்பும் காக்கப்பட வேண்டும். கோலாப்புரிச் செருப்பு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. 2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பில், அதே வடிவிலான செருப்புகள் அதன் பெயரும் ஊரும் கூறப்படாமல் காட்டப்பட்டன. மகாராட்டிரக் கைவினைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இந்தியக் கைவினை மரபே தன் வடிவமைப்புக்கு உந்துதல் என்று அந்நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. மதுரைச் சுங்குடியும் காரைக்குடிக் கண்டாங்கியும் இவ்வாறே புவிசார் குறியீடு பெற்றவை. துணி வாங்குபவர் அதன் ஊர்ப்பெயரை அறிந்து சொல்வதும் நெசவாளருக்குச் செய்யும் சிறப்பாகும்.

மலிவான ஆடையின் விலையை வேறு எவரேனும் கொடுக்க நேர்வதும் உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் ஆறு பாழானது. அதன் கரையில் இருந்த உழவர்களின் நிலங்களும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை முற்றாகத் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆற்றுக்கு நீதி கிடைத்த அந்நாளில் சாயத் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். இரண்டு முறை அணிந்து எறியும் ஐந்து சட்டைகளைவிட, ஐந்தாண்டு உழைக்கும் இரண்டு சட்டைகள் நன்று என்பதை இந்நிகழ்வு எண்ணச் செய்கிறது.

மரபு என்பது எது?

கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளில் பாட்டியின் சுங்குடிச் சேலை மடித்து வைக்கப்பட்டிருக்கக் கூடும். பொங்கலன்று மட்டும் வெளியே வந்து மீண்டும் பெட்டிக்குள் உறங்கும் சேலை அது. அச்சேலை கிழியத் தொடங்கும்போது, நல்ல பகுதியை வெட்டிப் பேத்திக்கு ஒரு குர்தாவாகத் தைத்தால் அது மீண்டும் தெருவுக்கு வரும். மீதமுள்ள துணி, வண்டி ஓட்டும்போது சுற்றிக்கொள்ளும் முகத்துணியாகும். பாட்டி அதை ஏற்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை. சில சேலைகளை வெட்டக் கூடாது. அவற்றுக்குப் பெட்டியே இடம்.

சென்னையின் ஈரக்காற்றுக்குத் திறந்த வேட்டியை வகுத்ததும், தக்காணத்து உலர்வெயிலுக்குத் தலைப்பாகையை வகுத்ததும் ஒரே அறிவு. அந்த அறிவே மரபு. வடிவம் அதன் வெளித்தோற்றம். ஊரின் காற்றையும் செய்யும் வேலையையும் நெய்தவரின் கையையும் அறிந்து உடுத்தும் இளைஞர், ஜீன்ஸ் அணிந்தாலும் தம் மரபில்தான் நிற்கிறார்.

சொல்லும் பொருளும்

துகில் – மெல்லிய ஆடை
கச்சம் – கால்களுக்கிடையே கொண்டு சென்று பின்னால் செருகும் உடைமுறை
பாவு – தறியில் நீளவாக்கில் செல்லும் நூல்
ஊடை – குறுக்குவாக்கில் செல்லும் நூல்
ராட்டை – நூல் நூற்கும் கருவி
புவிசார் குறியீடு – ஓர் ஊரின் தனிச்சிறப்பான பொருளுக்குச் சட்டம் தரும் பெயர்க்காப்பு

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
1. மேலாடை 2. பின்னலாடை 3. கைத்தறி 4. மரபுடை

ஆ. குறுவினா
1. வியர்வை உலர்வதால் உடலுக்கு விளையும் பயன் யாது?
2. 'கசியும் மதராஸ்' என்னும் பெயர் எவ்வாறு ஏற்பட்டது?
3. இருசக்கர வண்டியில் சேலைக் காப்புக் கம்பி பொருத்தப்படுவது ஏன்?

இ. சிறுவினா
1. சென்னைக்கு ஏற்ற உடையும் புனேக்கு ஏற்ற உடையும் வேறுபடுவதற்குரிய காரணங்களை விளக்குக.
2. "மரபு என்னும் பெயரால் வந்த யாவும் போற்றத்தக்கவை அல்ல." இக்கூற்றைப் பாடச் செய்தி கொண்டு நிறுவுக.

ஈ. நெடுவினா
திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதால் பயன்பெற்றோர் யார்? இழந்தோர் யார்? இருவருக்கும் தீங்கு நேராத வழி குறித்து உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டில் உள்ள ஐந்து ஆடைகளின் உட்புறத் துணுக்குச்சீட்டைப் படித்து, இழையின் பெயரையும் உருவான ஊரையும் அட்டவணைப்படுத்துக.
2. பாட்டியிடமோ தாத்தாவிடமோ தொலைபேசியில் உரையாடி, அவர் இளமையில் வெயிலுக்கும் மழைக்கும் என்ன உடுத்தினார் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக. அவர் கூறிய உடைப்பெயர்களை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்க.
3. மராத்தி பேசும் தோழர் ஒருவரிடம் அதே வினாவைக் கேட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.